கண்ணாடித் தொட்டியில் அரைக்கிலோ உப்பு

இனியனின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்து நாற்பது நாளாகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலை ஒன்றும் இல்லை. வலித்தால்தானே அவன் நினைத்துப் பார்ப்பான். கவலைப்படுகிற வேலை முழுவதையும் அவன் தாய் வேல்விழியே எடுத்துக்கொண்டாள். குளிப்பாட்டும்போது ஒரு தரம், சோறூட்டும்போது ஒரு தரம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், நேற்றைவிடப் பெரிதா சிறிதா என்று அவள் விரலுக்கே தெரியாமல் போய்விட்டது.

அவர்கள் ஊரான வருசநாட்டில் முதலில் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். சந்தனம் அரைத்துப் பூசிப் பார்த்தாள். அமுங்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் தேனிக்கு எழுதிக் கொடுத்தார். தேனியில் குழந்தை டாக்டர் ஞானசிகாமணி கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்திக் கொஞ்சம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். "பயப்படாம போயிட்டு வாம்மா, செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்துரும்" என்றார். பயப்படாமல் போ என்று ஒரு டாக்டர் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் வேல்விழிக்குக் கேட்டது. பக்கத்து ஊரில் ஒரு பெண்குழந்தைக்கு இதே இடத்தில் கட்டி வந்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை அவள் கண்ணால் பார்த்தவள்.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. கிளினிக் ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அரைக்கிலோ கல்லுப்பு.

அந்த உப்பு அங்கே இருந்திருக்கக் கூடாது. அவள் வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் கட்டியோ மருவோ வந்தால் வீரபாண்டி கௌமாரியம்மனை நினைத்து, கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் கல்லுப்பைக் கொட்டுவார்கள். உப்புக் கரைகிற மாதிரி கட்டி கரையும். அதற்கு இரண்டே கட்டுப்பாடு. என்ன வேண்டிக்கொண்டோம் என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கொட்டிய உப்பைத் திரும்ப எடுக்கக் கூடாது. ரிசல்ட் வாங்குவதற்கு முன்னால் கொட்டிவிட வேண்டும் என்றுதான் விடியுமுன்பே கிளம்பினாள். பஸ் கண்டமனூரில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் நின்றது. தேனியில் இறங்கியபோது பத்தாகப் பத்து நிமிஷம். வீரபாண்டி போய் வந்தால் டோக்கன் போய்விடும். டோக்கன் எழுதும் நதியா அதில் கறாரானவள்.

"ரிசல்ட் மதியத்துக்கு மேலதான் மெயில்ல வரும். இங்கனயே இருங்க. வெளிய போனா நம்பர் போயிரும்" என்று நதியா சொல்லிவிட்டாள்.

ஆக, உப்பு பையில் கிடந்தது, பதில் மதுரையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. எது முந்தும் என்ற பயத்தில் வேல்விழி சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க வந்து பாரு" என்று இனியன் கூப்பிட்டான்.

ஹாலின் ஓரத்தில் மூன்றரை அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அழுகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட டாக்டர் வாங்கி வைத்தது. உள்ளே கடல்தண்ணீர், வெள்ளை மணல், பவளப்பாறைத் துண்டுகள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு குட்டி மீன்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு நீல நட்சத்திர மீன். அந்த நீலத்தை வேல்விழி எந்தப் பூவிலும் பார்த்ததில்லை. விரல் தடிமனுக்கு ஐந்து கைகள். கண்ணாடிப் பக்கம் அதன் அடிவயிறு தெரிந்தது. ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம், அதில் நூல் நூலாக நூற்றுக்கணக்கான குட்டிக் கால்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே நீண்டு, தொட்டு, ஒட்டி, விட்டு, அதைத் தள்ளிக்கொண்டு போயின.

"இதுக்கும் கட்டி இருக்கும்மா" என்றான் இனியன். தன் கழுத்தைத் தொட்டான், கண்ணாடியைத் தொட்டான்.

இருந்தது. ஒரு கையின் அடியில் பட்டாணி அளவுக்கு உருண்டையாக, பளபளப்பாக, நீலமாக. வேல்விழி குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். இத்தனை தூரம் வந்து, இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், தன் பிள்ளை கண்ணுக்கு மட்டும் இது ஏன் பட வேண்டும். ஆற்றில் கொட்டினாலும் உப்புக் கடைசியில் கடலுக்குத்தானே போகும், இதுவும் கடல்தானே. இப்படியெல்லாம் அவளுக்கு நியாயம் சொல்லிக் கொடுத்தது பயம்தான். பயந்த மனசுக்கு நியாயம் கிடைப்பது ரொம்பச் சுலபம்.

நதியா ஃபைல்களோடு டாக்டர் அறைக்குள் போனாள். மற்றவர்கள் கண்ணெல்லாம் அந்தக் கதவின் மேலேயே இருந்தது. வேல்விழி எழுந்து, தொட்டியின் மூடியை ஒரு சாண் தூக்கி, பாறைக்குப் பின்னால் மணலோடு மணலாகப் போகும்படி அரைக்கிலோவையும் சரித்துவிட்டாள். தாயே என் பிள்ளை கழுத்து கரையட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரண்டு கல் உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

கால்மணி நேரம் மனசு லேசாக இருந்தது. நாற்பது நாளில் அதுதான் முதல் கால்மணி நேரம்.

அப்புறம் இனியன் சொன்னான்: "அம்மா, அது கீழ விழுந்துருச்சு."

நட்சத்திர மீன் கண்ணாடியை விட்டு நழுவி மணலில் மல்லாந்து கிடந்தது. ஐந்து கைகளின் நுனியும் உள்ளே சுருண்டிருந்தன. அந்தக் குட்டிக் கால்கள் ஒன்றுகூட வெளியே இல்லை. வேல்விழி பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் இரண்டு வாளியும், ரப்பர் டியூப்பும், தண்ணீர்க் கேன்களுமாக வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பஜாரில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் ஜெபா அவள். செவ்வாய்தோறும் இந்தத் தொட்டியைக் கவனித்துவிட்டுப் போவாள்.

"வாங்க மகராசி" என்றாள் நதியா. "அந்த மீனுக்கு இருக்க கவனிப்புல பாதி எனக்கு இருந்தா நான் ரெண்டு சுத்து பெருத்திருப்பேன்."

"நீங்க ஏற்கனவே..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்த ஜெபா, தொட்டியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். வாளி கீழே விழுந்தது. குனிந்து பார்த்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் விட்டு, கண்ணில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். உடனே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நேத்து டாக்டர் தொட்டிக்கு நல்ல தண்ணி ஊத்துனீகளா? ஊத்துனேன்னு சும்மா சொல்லாதீக. ஊத்தியிருந்தா உப்பு ஏன் ஏறி நிக்குது? முப்பத்தஞ்சு இருக்க வேண்டியது முப்பத்தேழத் தாண்டிருச்சு. சரி, கர்த்தர் மேலயெல்லாம் ஆணையிட வேணாம், வைங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என் தப்பாத்தான் இருக்கணும்" என்று தனக்குள் சொன்னது வேல்விழிக்குக் கேட்டது.

"அதுக்கு என்னாச்சு?" என்று இனியன் கேட்டான்.

"தண்ணி ஒத்துக்கல தம்பி" என்றாள் ஜெபா. கை வேலையிலிருந்தது, கண் தொட்டியிலிருந்தது, வாய் மட்டும் பிள்ளைக்குப் பதில் சொன்னது. "நமக்கெல்லாம் உடம்புக்குள்ள ரத்தம் ஓடுதுல்ல? இதுக்கு ரத்தம் கிடையாது. கடல்தண்ணிதான் உள்ள ஓடும். அந்தத் தண்ணியாலதான் குட்டிக் காலெல்லாம் நீளும், சுருங்கும். அதனால வெளிய தண்ணி எப்படியோ, உள்ளயும் அப்படித்தான். அந்தமான் பக்கமெல்லாம் பவளப்பாறை மேல பாசியச் சுரண்டித் தின்னுக்கிட்டு சும்மா கெடக்கும். அங்கன தண்ணி மாறவே மாறாது. கை ஒண்ணு போனாக்கூட திரும்ப முளைச்சுக்கும். உப்பு சட்டுன்னு கூடுனா மட்டும் தாங்காது."

"செத்துருமா?"

ஜெபா தண்ணீர்க் கேனின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

வேல்விழி தன் கையைப் பார்த்தாள். வெளிய எப்படியோ உள்ளயும் அப்படித்தான். தான் கொட்டியது தண்ணீரில் இல்லை, ஒரு உயிரின் ரத்தத்துக்குள். பிள்ளை ரத்தம் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று இன்னொன்றின் ரத்தத்தில் உப்பைப் போட்டிருக்கிறாள். அது செத்தால் அம்மன் இதை எப்படி எடுத்துக்கொள்வாள். சொல்லிவிடலாம். சொன்னால்? முதலில் திட்டுவார்கள், டோக்கனைக் கிழிப்பார்கள், அது போகட்டும். உப்பை எடுப்பார்களே. பாதி கரைந்த உப்பை எடுத்தால் பாதிக் கட்டி நின்றுவிடுமே. எதுவும் பேசாமல் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், உப்பு முழுக்கக் கரைந்துவிடும். ஒரு மீன். சந்தையில் நாள்தோறும் கூடை கூடையாகப் போகிறது.

இனியனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, "எந்திரி, எந்திரி" என்று அதனிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காரணம் தெரியலையே" என்றாள் ஜெபா நதியாவிடம். "தண்ணி வத்தினதுன்னா நல்ல தண்ணி ஊத்தணும். வேற எதுவும்னா அது இன்னும் மோசமாக்கும். வாளிக்கு மாத்தலாம்னா, இருக்க நெலமைல அந்த மாத்தமே கொன்னுரும். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல சிஸ்டர். முன்ன ரெண்டு வந்து ரெண்டும் போயிருச்சு. டாக்டர்ட்ட அப்பவே சொன்னேன், இது தொட்டிக்கு ஏத்த உசிரு இல்ல, வேணாம்னு. பிள்ளைக ஆசைப்படுதுகன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

வேல்விழி எழுந்தாள். எழுந்தது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஜெபாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அக்கா. உப்பு நான் போட்டது."

ஜெபா திரும்பினாள். கோபப்படக்கூட நேரமில்லாதவள் முகம் அது. "எவ்வளவு?"

"அரைக்கிலோ. கல்லுப்பு."

"எங்கன?"

"பாறைக்குப் பின்னால."

ஜெபா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். வெள்ளை மணலுக்கு மேல் இன்னொரு வெள்ளை, கால்வாசி கரையாமல் குவிந்திருந்தது. "அட, இது இன்னும் கரைஞ்சுக்கிட்டுல்ல இருக்கு. நல்லவேளை சொன்னீக. எதுக்கும்மா இதப் போட்டீக?"

"அது வந்து, என் பிள்ளைக்கு..." என்று வேல்விழி தொடங்கினாள். சொன்னால் அந்தக் கட்டுப்பாடும் போயிற்று.

ஜெபாவின் பார்வை இனியன் கழுத்துக்குப் போனது. ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் அதன் அடியில் புடைத்திருந்ததையும் பார்த்தாள். தேனிக்காரிக்கு மிச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சொல்லாதீக" என்றாள் சட்டென்று. "நான் கேக்கல. உங்களுக்குள்ளயே இருக்கட்டும்."

இதற்கு முன் அவள் பார்த்தேயிராத ஒருத்தி, வேண்டுதலின் ஒரு பாதியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள். வேல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா உப்ப எடுத்தாகணும்" என்றாள் ஜெபா, கொஞ்சம் தயங்கி. "எடுக்கலாமா?"

தொட்டி வேல்விழியுடையதல்ல, மீன் வேல்விழியுடையதல்ல, கேட்க வேண்டிய அவசியமே ஜெபாவுக்கு இல்லை. இருந்தும் கேட்டாள். கேட்டதனால் பதில் சொல்ல வேண்டியவள் வேல்விழி ஆகிவிட்டாள். பக்கத்து ஊர்ப் பெண்குழந்தையின் முகம் வந்தது. மணலில் சுருண்டு கிடந்த நீலத்தைப் பார்த்தாள். இது யாரிடம் போய் வேண்டிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

"எடுங்க" என்றாள்.

"ஒரு ஆள் டியூப் பிடிக்கணும். என் கை நடுங்குது."

டியூப்பின் ஒரு முனையைப் பாறைக்குப் பின்னால் விட்டு வேல்விழிதான் பிடித்தாள். மறுமுனையை ஜெபா வாயால் உறிஞ்சி வாளிக்குள் விட்டாள். கரையாத உப்பு மணலோடும் தண்ணீரோடும் மேலே ஏறி, கண்முன்னே டியூப்பின் வழியாக வெளியே போனது. ஒவ்வொரு கல்லும் போகும்போது, பிள்ளையிடமிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி வேல்விழிக்கு இருந்தது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

இரண்டு வாளி நிறைந்தது. ஜெபா அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுச் சாக்கடைப் பக்கம் போனவள், ஏதோ நினைத்து நின்றாள்.

"நாளைக்கு சின்னமனூர்ல ஒரு தொட்டி கழுவப் போறேன். வீரபாண்டி வழியாத்தான் போகணும். இத கேன்ல பிடிச்சுட்டுப் போயி ஆத்துல ஊத்திருதேன்."

வேல்விழி அவளையே பார்த்தாள். "நீங்க வேதக்காரவுகல்ல அக்கா?"

"ஆமா. அது கேனுக்குத் தெரியாது."

ஹாலில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் சிரித்தாள். வேல்விழியால் சிரிக்க முடியவில்லை, ஆனால் மூச்சு ஒன்று நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

பிறகு ஜெபா நல்ல தண்ணீர்க் கேனை ஸ்டூல் மேல் வைத்து, மருந்து ஏற்றும் குழாய் மாதிரி ஒரு மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் இறக்கினாள். நட்சத்திரத்தைத் தண்ணீருக்குள்ளேயே மெல்லப் புரட்டிப் பாறைமேல் வைத்தாள். கூடின உப்பை மெதுவாகத்தான் குறைக்க வேண்டுமாம், சாயங்காலம் வரை ஆகுமாம். அவளுக்கு அடுத்து இரண்டு வீட்டு வேலை இருந்தது. போன் பண்ணி நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொழைச்சுருமா அக்கா?"

"பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு நாள் போனாத்தான் தெரியும். நீங்க சொல்லலைன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும். அது நிச்சயம்."

"அந்தக் கட்டிய எடுத்துருவீங்களா?" என்று இனியன் கேட்டான்.

"அது கட்டி இல்ல ராசா. அதுமேல ஒட்டிக்கிட்டு வாழுற நத்தை. அதுபாட்டுக்கு உறிஞ்சிக்கிட்டு இருக்கும். இப்ப பிச்சா புண்ணாயிரும். மொதல்ல தெம்பு வரட்டும்."

இனியனுக்கு நத்தை என்றதும் சுவாரசியம் போய்விட்டது. தாயின் மடியில் வந்து படுத்துக்கொண்டான். பெண்கள் இருவரும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு நதியா யாருக்கோ வாங்கிய பொட்டலத்திலிருந்து இரண்டு இட்லியை இலையோடு கொண்டுவந்து வேல்விழியிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க. டோக்கனையெல்லாம் கிழிக்க மாட்டேன்" என்றாள். வேல்விழி அந்தப் பயத்தை வாயால் சொன்னதே இல்லை. முகத்தில் அவ்வளவு எழுதியிருந்திருக்க வேண்டும்.

மூன்றரை மணிக்கு நதியா கூப்பிட்டாள். "இனியன். வருசநாடு."

வேல்விழி மடியில் கிடந்த பிள்ளையை அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெபா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். "வாங்க, நானும் வர்றேன்."

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர், மெதுவாகத்தான் படிப்பார். அவர் படித்து முடிக்கிற வரைக்கும் வேல்விழி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் இன்னும் கடல்தண்ணீரின் பிசுபிசுப்பு இருந்தது.

"புத்துநோய் இல்லம்மா" என்றார் டாக்டர், முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவராக. "காசநோய்க் கட்டி. டிபி. ஆறு மாசம் மாத்திரை. கவர்மெண்ட்லயே இலவசமாத் தருவாக. ஒருநாள் விடாம குடுத்தா சுத்தமாச் சரியாயிரும்."

வேல்விழிக்குச் சந்தோஷப்படவா பயப்படவா என்று தெரியவில்லை. காசநோய் என்ற சொல்லும் நல்ல சொல் இல்லையே. ஜெபாதான், "மாத்திரை இருக்குல்ல, மாத்திரை இருக்குல்ல" என்று அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளைக்கு இது எங்கேர்ந்தாவது வந்திருக்கணும்" என்றார் டாக்டர். "வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

வேல்விழியின் புருஷன் செல்லப்பாண்டி முருங்கைக்காய் லோடு ஏற்றி மதுரைக்கு வண்டி ஓட்டுகிறவன். இரண்டரை மாதமாக இருமுகிறான். வெளியே சொல்லாதே, தெரிந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், பக்கத்தில் உட்காரக்கூட யோசிப்பார்கள் என்று அவள் வாயை அடைத்து வைத்திருக்கிறான். அவள் கீழே பார்த்தாள். மறுபடியும் அதே பயம், காலையில் தொட்டிக்கு முன்னால் நின்றதே, அதே பயம். ஆனால் ஒரு தரம் வாயைத் திறந்து பார்த்தாகிவிட்டது. திறந்ததால் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"இருக்கு சார்" என்றாள். "பிள்ளையோட அப்பாவுக்கு. ரெண்டரை மாசமா."

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். "நாளைக்கே கூட்டிட்டு வா. சளி பாக்கணும். உனக்கும் பாக்கணும். சரியாகிற நோய்தாம்மா, மறைச்சாத்தான் பெருகும்."

வேல்விழி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து போன் போட்டாள். லாரிச் சத்தத்துக்கு நடுவே செல்லப்பாண்டியின் குரல் வந்தது. பிள்ளையின் ரிசல்ட்டைச் சொன்னாள். அவன் இருமினான்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு நீங்களும் வரணும். டாக்டர்ட்ட சொல்லிட்டேன்."

"ஏண்டி, என்னத்தச் சொன்ன? நான் சொல்லாதன்னு..."

"சொல்லிட்டேன்."

"நாளைக்கு லோடு இருக்கு."

"லோடு இருக்கட்டும்" என்றாள் வேல்விழி. தோளில் தூங்கும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். "நீங்க வாங்க. நான் கூடவே இருக்கேன்."

அந்தப் பக்கம் வண்டி எஞ்சின் நின்றது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை மணிக்கு டோக்கன்?" என்று கேட்டான் செல்லப்பாண்டி.